காலிக் கட்டிலின் நாடி

சீடருக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்து மூன்று. மாறி இருந்தால்தான் உங்களுக்கு ஒப்பும் என்றால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. கோயம்புத்தூரின் அந்தச் சின்னக் கம்பெனியில் நிலவரம் அப்படித்தான் இருந்தது.

சீடர் மாரப்பன் இருபத்திரண்டு வருடம் ஒரு பம்ப் செட் கம்பெனியில் கன்ட்ரோல் போர்டு செய்தவர். அதை மூடிவிட்டார்கள். இங்கே சேர்ந்து எட்டு மாதமாகிறது. இன்னமும் வாரத்தில் ஒருநாளாவது அவருடைய பைக் காலையில் பழைய கம்பெனி ரோட்டில் திரும்பிவிடும். பூட்டிய கேட்டைப் பார்த்த பிறகுதான் மனுஷனுக்கு உறைக்கும். அன்றைக்குத் தாமதமானதற்கு அதையே காரணமாகக் குருவிடம் சொல்வார்.

குருவின் பெயர் யசோதா. கம்ப்யூட்டருக்கும் வயர்லெஸ் கார்டுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற மென்பொருளை டிரைவர் என்பார்கள். அதை எழுதுவதில் அவர் கைதேர்ந்தவர். முதல் வாரம் மாரப்பன் அவரைக் கிண்டலாகத்தான் குரு என்றார். பிறகு கிண்டல் தானாகவே உதிர்ந்துபோனது.

அவர்கள் செய்த கருவி கட்டிலருகே வைக்கும் ஒரு சின்னத் திரை. நோயாளியின் விரலில் மாட்டிய குட்டிக் கருவி கம்பியில்லாமல் அனுப்பும் நாடித்துடிப்பைத் தன் வயர்லெஸ் கார்டு வழியாக வாங்கி அது காட்டும். மூடியைச் சாத்தினால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். திறந்தால் விழித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையில் சோதனைக்கு வைத்தார்கள். நர்ஸ் மூடியைத் திறந்தார். திரை எழுபத்தெட்டு என்றது. அதைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் கட்டிலில் ஆளே இல்லை. நோயாளியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

வியாழன் மாலை நான்கு மணிக்குள் சரிசெய்து காட்டாவிட்டால் கருவியே வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தூங்கி எழும் பகுதியை எழுதியவர் மாரப்பன். கருவி திரும்பி வந்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கட்டிலில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்து, திரை எழுபத்தெட்டு என்று காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவரைத் தூங்க விடவில்லை. மூன்று நாளாக மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார், மூடுவார்.

வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குக் குருவின் மேஜைமுன் வந்து நின்றார்.

“தூங்கப் போறப்ப இணைப்பு, எண்ணு எல்லாத்தையும் பத்திரமா எழுதி வெச்சுட்டுத்தானுங்க போகுது. எந்திரிச்சதும் அதையே எடுத்துப் படிக்குது. அப்புறமும் கார்டு ஏனுங்க அம்மிணி பேச மாட்டேங்குது?”

யசோதா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“டீ குடிச்சுட்டு வாங்கண்ணா.”

“நேரமில்லீங்களே.”

“பத்து நிமிசம். மூடியைச் சாத்திட்டுப் போங்க.”

மாரப்பன் சாத்திவிட்டுப் போனார். கால்தான் டீக்கடைக்குப் போனது. எழுந்தவுடன் கார்டுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் சரியாகிவிடுமோ என்று கடைசி மடக்கு வரை கணக்குப் போட்டார். சூட்டோடு விழுங்கியதில் நாக்கு வெந்தது. ஏழே நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

மூடியைத் திறந்தார். ‘இணைப்பு உள்ளது’ என்றது திரை. அதன் கீழே, பழைய எண் அசையாமல் நின்றது. எழுந்ததும் காத்திருக்கும் நேரத்தை ஒரு விநாடி ஆக்கினார். மூடினார், திறந்தார். இரண்டு விநாடி. ஐந்து. பத்து. ஒவ்வொரு முறையும் ‘இணைப்பு உள்ளது’ என்று வந்தது, எண் அசையவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தார். பம்ப் செட்டைத் தட்டிய பழக்கம். இருபது நிமிடம் இப்படிப் போயிற்று.

எதிரே யசோதா ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிச் சுளையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸ் மூடியை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை நிறத்தில் வயர்லெஸ் கார்டு இருந்தது.

மாரப்பன் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தார். பின்பக்கத்தில் கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் டீக்குப் போயிருந்தபோது, கருவி தூங்கும்போதே குரு கழற்றிவிட்டிருந்தார்.

அவருக்குக் கோபம் வந்தது. நாலு மணிக்கு மானம் போகப்போகிற நேரத்தில் இருபது நிமிடம் ஒன்றுமில்லாததோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டாரே என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லும் முன் திரையைப் பார்த்தார். அது இன்னும் ‘இணைப்பு உள்ளது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கோபம் இறங்கி வெட்கம் ஏறியது.

“திரும்பி வந்ததும் நான் பின்னால பாக்கவே இல்லீங்க.”

“அதுவும் பாக்கறதில்லீங்கண்ணா.”

மாரப்பன் உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல்முறையாக நாற்காலி அவரைத் தாங்கியது. எழுதி வைத்ததை எடுத்துப் படிக்கும் வரிகளை அழித்தார். எழுந்ததும் முதல் வேலையாகக் கார்டு இருக்கிறதா என்று கேட்க வைத்தார். இருந்தால், தூக்கத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்ட அதைப் புதிதாக எழுப்பி, விரல் கருவியைத் தேடி, அதனிடமிருந்து ஒரு துடிப்பு வந்து சேரும் வரைக்கும் திரையில் எண் வராமல் இரண்டு கோடு மட்டும் நிற்கும்படி செய்தார். ஓட்டிப் பார்த்தார். நான்கு விநாடி கோடு நின்றது. அந்த நான்கு விநாடி அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெறும் கோட்டைப் பார்த்து நர்ஸ் பயந்துவிடுவாரே என்றார்.

“பயந்தா ஆளைத் திரும்பிப் பாப்பாங்க,” என்றார் யசோதா.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். மூடியைச் சாத்தித் தன் விரலை மாட்டிக்கொண்டு திறந்தார். கோடு நின்றது, எண் வந்தது. விரலை உருவிவிட்டுச் சாத்தித் திறந்தார். கோடு அப்படியே நின்றது. அவர் தலையசைத்துக் கருவியைக் கையோடு எடுத்துப் போனார்.

ஆறு மணிக்கு மாரப்பன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பைக் சாவி கையில் இருந்தது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“அப்ப, தூங்கப் போறப்ப அது இத்தனை நாளா எழுதி வெச்சதெல்லாம் பொய்யுங்களா அம்மிணி?”

யசோதா அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

“இல்லீங்கண்ணா. எழுதறப்ப நெசந்தானுங்க.”