கிளியின் கழுத்தில் முல்லைக்கொடி

ஒரு காட்டில், காதில் விழுந்த எதையும் மறக்காத கிளி ஒன்று இருந்தது, கண்ணுகளா. தண்ணீர் எங்கே, புலி எங்கே என்று எது கேட்டாலும் உடனே சொல்லும்.

அந்தக் கோடையில் கிளி சொன்னது: "வடக்கு ஓடைக்குப் போங்கள். நல்ல தண்ணீர், நல்ல வழி."

யானைகள் போய்க் குடித்துவிட்டு வந்தன. யானைக்கு முழங்காலளவுச் சேறு, முயலளவே இருக்கும் சருகுமானுக்குத் தலைக்கு மேல். சருகுமானின் மூத்த குட்டி அதில் மூழ்கிப் போனது.

தலைவன் யானைக்கு அன்று தீனி இறங்கவில்லை. குரங்கைக் கூப்பிட்டது. "ஆற்றுக்கு அக்கரைக் காட்டிலும் இப்படி ஒரு கிளி உண்டாம். அங்கே ஓர் உயிரும் போகவில்லையாம். என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வா."

குரங்கு மதியத்துக்குள் திரும்பிவிட்டது. "பெரிய வித்தை ஒன்றும் இல்லை அண்ணே. கிளி கழுத்தில் முல்லைக்கொடி கட்டியிருக்கிறார்கள்."

"அவ்வளவுதானா?"

"என் கண்ணால் பார்த்தேனே."

இவர்களும் கட்டினார்கள். மறுநாள் கிளி, "தெற்குக் குளத்துக்குப் போங்கள்" என்றது.

சருகுமான் தயங்கி நின்றது.

"கொடிதான் இருக்கிறதே, இன்னும் என்னம்மா பயம்?" என்றது குரங்கு.

கடவுளை நினைத்துக்கொண்டு, மிஞ்சியிருந்த ஒரே குட்டியோடு சருகுமான் போனது. அங்கேயும் சேறு. குட்டி கழுத்துவரை இறங்கிவிட்டது. தாயின் அலறல் கேட்டு ஓடிவந்த தலைவன் யானை, தும்பிக்கையால் குட்டியைத் தூக்கிக் கரையில் போட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அது மூச்சுவிட்டது.

அன்றே யானை தானே ஆற்றைக் கடந்தது. அக்கரையில் கொடி பறித்துக்கொண்டிருந்த முயலிடம், "கொடி கட்டியும் எங்கள் குட்டி சேற்றில் இறங்கிவிட்டதே, ஏன்?" என்று கேட்டது.

"கொடியா ஐயா காப்பாற்றும்?" என்றது முயல். "கிளி ஒரு வழி சொன்னால், எங்களில் சின்னக் கால் உள்ளவர் முதலில் நடந்து பார்ப்பார். பெரியவர் ஒருவர் துணைக்கு வருவார். பத்திரமாகத் திரும்பினால் கொடி கட்டுவோம். இல்லையென்றால் அந்த வழியில் யாரும் போவதில்லை. உங்கள் குரங்கு நாங்கள் கட்டும்போதுதான் வந்தது. நடந்தபோது வரவில்லை."

யானை திரும்பி வந்து கிளியின் கழுத்துக் கொடியை அவிழ்த்தது.

கிளி மெல்லக் கேட்டது: "என்னிடம் வழி சொன்னவர்கள் எல்லாரும் பெரிய கால்காரர்கள். சேறு என்று யாரும் சொல்லவில்லையே?"

"சின்னக் கால்களை நாங்கள் கேட்கவே இல்லை" என்று யானை தலைகுனிந்தது.

மறுநாள் கிளி ஒரு வழி சொன்னது. காடே காத்து நின்றது. சருகுமான் தன் சின்னக் காலை முதலில் எடுத்து வைத்தது. அதன் முதுகை ஒட்டியபடியே யானையின் தும்பிக்கை போனது. அவர்கள் திரும்பும்வரை கிளியின் கழுத்து வெறுமையாகவே இருந்தது.

நீதி: அயலாரின் அடையாளத்தை மட்டும் எடுத்து வந்தால் காவலும் சேர்ந்து வந்துவிடாது, எளியவர் நடந்து பார்த்த வழியே எல்லார்க்கும் வழி.