மாமன் இறக்கிய சீர்

கடலுக்கு இந்தக் கரையிலே ஒரு மலை, அந்தக் கரையிலே ஒரு மலை. ரெண்டும் அக்கா தங்கச்சி. அக்கா வாக்கப்பட்டது கொரியாவிலே, தங்கச்சி ஜப்பானிலே. ரெண்டு பேருக்கும் தாய்மாமன் ஒருத்தன்தான். அவன் வடகாற்று.

வருஷா வருஷம் மார்கழி பிறந்தால் மாமன் சைபீரியாவிலிருந்து கிளம்புவான். முதலில் வருவது அக்கா வீட்டுக்கு. வெறுங்கையோடு வருவான், வெறுங்கையோடு போவான். ஆனால் கடலைத் தாண்டித் தங்கச்சி வீட்டுக்குப் போனால் அள்ளிக் கொட்டுவான். இடுப்பளவு பனி, அரிசி மாவு சலித்துப் போட்ட மாதிரி.

அக்காவுக்கு மெஷின்தான் கதி. அடிவாரத்துக் குளத்துத் தண்ணீரை மொண்டு, ஆகாசத்தில் ஊதிப் பனியாக்குகிற பழைய மெஷின். தொண்டை கரகரத்தாலும் வேலையில் குறை வைக்காது. அந்தப் பனியில்தான் ஜனங்கள் சறுக்க வருவார்கள். அடிவாரத்தில் ஒக்சூன் என்கிற அம்மாள் குச்சியில் செருகிய மீன் வடையும் சூப்பும் விற்பாள்.

போன வருஷக் கடைசியில் சங்மின் என்கிறவன் ஜப்பான் போய்ச் சறுக்கிவிட்டு வந்து அவள் கடையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அங்கே விழுந்தா மெத்தை. இங்கே விழுந்தா எலும்பு டாக்டர். இதெல்லாம் ஒரு பனியா? உப்புக்கல்லு."

"அப்ப அங்கேயே இருந்துக்க வேண்டியதுதானே. சூப்புக்கு மட்டும் எதுக்கு இங்கே வர்றே?" என்றாள் ஒக்சூன்.

அவன் சிரித்தான். கேட்டுக்கொண்டிருந்த மலைதான் சிரிக்கவில்லை. அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது.

இந்த வருஷம் மாமனுக்கு முன்னால் அவன் குளிர் வந்து சேர, மெஷின் ஊத ஆரம்பித்ததும் மலை தன் வயிற்றுச் சூட்டை மேலே விட்டது. விழுந்த பனியெல்லாம் சேறாகி வழிந்தது.

"என்ன ஆத்தா இது? ராப்பகலா ஊதுறேன், கரைச்சு விடுறியே."

"ஊதாதே. கடன் வாங்கின புடவை எனக்கு வேண்டாம். என் மாமன் சீர் கொண்டு வருவான், அதைத்தான் உடுத்துவேன்."

"அவரு எந்தக் காலத்திலே கொண்டு வந்தாரு?"

மலை இன்னும் கொஞ்சம் சூட்டை மேலே விட்டது. சறுக்குப் பாதை மண்ணாகக் கிடந்தது. முதலாளி வந்து பார்த்து, "இந்த மாசத்துக்குள்ளே பனி பிடிக்கலேன்னா பாதையை மூடிட வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒக்சூன் கழுவிக் கவிழ்த்த சட்டியை நிமிர்த்தவே இல்லை.

அப்போதுதான் மாமன் வந்தான். வழக்கம்போல வெறுங்கை.

"வா மாமா. அவளுக்கு மட்டும் தூக்கிக்கிட்டுப் போறியே, நான் என்ன தவிட்டுக்கு வாங்கினவளா?"

மாமன் திகைத்துப்போனான். "அடி பைத்தியமே, காய்ஞ்ச தரை மேலே வர்றவன்கிட்ட தண்ணி ஏது? உன்னைத் தாண்டினப்புறம்தான் கடல். அங்கே வயிறு முட்டக் குடிக்கிறேன். வயிறு முட்டினவன் மேடு ஏற முடியுமா? அவ வாசல்லே மூச்சு வாங்கி எல்லாத்தையும் கொட்டிடறேன். அது சீரும் இல்லே, பாசமும் இல்லே."

"அப்ப எனக்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

"ஏன் இல்லே? எங்கிட்ட இருக்கிறது குளிர். அதை அலுங்காம உன் வீட்லதான் முதல்லே இறக்குறேன். கடல் தாண்டுறதுக்குள்ளே அதுலே பாதி போயிடுது. இந்த வருஷம் நீதான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே அடுப்பு மூட்டிக்கிட்டிருக்கே."

மெஷின் குறுக்கே புகுந்தது. "அதைத்தானே ஆத்தா நானும் சொல்றேன். தண்ணி குளத்திலே இருக்கு. ஊதறதுக்கு நான் இருக்கேன். நடுவிலே அந்தக் குளிர் ஒண்ணுதான் வேணும். மாமன் சீர் இல்லாம நான் என்னைக்கு ஊதினேன்?"

 மலை மெள்ளத் தன் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. குளிர் அடிவயிறு வரைக்கும் இறங்கியது. மெஷின் கனைத்துக்கொண்டு ஊதியது. விழுந்த பனி கரையாமல் நின்றது. நின்றது இறுகியது. மாசம் முடிவதற்குள் பாதை வெள்ளை வேட்டி விரித்தது போல ஆகிவிட்டது.

ஒக்சூன் சட்டியை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றினாள். சங்மினும் வந்தான், கூடவே ஹருகோ என்கிற சிநேகிதி. தங்கச்சி மலையில் சறுக்கி வளர்ந்தவள். மெத்தைப் பனிக்குப் பழகிய காலை இங்கே வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"மாவுப் பனி தேசத்திலிருந்து வந்தவளா? உட்காரு. உட்கார முடிஞ்சா," என்றாள் ஒக்சூன்.

"நாளைக்கும் வருவேன் அம்மா. எங்க மலை விழுந்தா தாலாட்டும். இது சறுக்குப் பலகை விளிம்பை ஊன்றி நில்லுங்குது. கடைசி தடவை நின்னுட்டேன் தெரியுமா?"

"நான் பார்த்தேன். அதுக்குத்தான் இன்னொரு வடை," என்றாள் ஒக்சூன்.

மேலே மலை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமன் புறப்படத் தயாரானான்.

"தங்கச்சிக்கு ஏதாச்சும் சொல்லணுமா?"

ஒவ்வொரு வருஷமும் கேட்பான். ஒவ்வொரு வருஷமும் மலை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தத் தடவை உச்சியில் உதிரியாகக் கிடந்த மெஷின் பனியில் ஒரு கை அள்ளி நீட்டியது.

"இதைக் கொண்டுபோய்க் குடு."

"கடல்லே கரைஞ்சு போயிடுமே."

"கரையட்டும் மாமா. அவ வாசலுக்குப் போறப்போ அவ பனியாவே விழுந்துட்டுப் போகுது."