இலையோரத்து உப்பு

“சாம்பார்ல உப்பு போட்டேனா, போடலையான்னு தெரியல, சின்னம்மா.”

ஆவுடையப்பன் மூச்சிரைக்க மடத்து வாசலில் வந்து நின்றார். இடுப்பில் ஈரத்துண்டு. கையில் கல்லுப்பு நிறைந்த மரவை.

சின்னம்மா முக்காலிமேல் நின்று மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் ஒரு நூல். அதை எடுக்காமலே கேட்டாள்.

“உங்களுக்கு என்ன தோணுது?”

“போடலன்னு தோணுது.”

“போன வருஷம் என்ன தோணுச்சு?”

“போடலன்னுதான்.”

“போட்டிருந்தியளா?”

ஆவுடையப்பன் மரவையைப் பார்த்தார். “போட்டிருந்தேன். ரெண்டு தடவை.”

போன வருஷத்துக் கதையை அந்த ஆற்றங்கரை மடத்தில் யாரும் மறக்கவில்லை. அன்றும் இதே குருபூசைதான், மடத்தின் பழைய குரு பெரியம்மாவுக்கு. சமாதிக்குப் படைக்கும்வரை சமைத்த எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். மணத்தையும் கொதியையும் வைத்து மனசுக்குள்ளேயே ருசி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சாம்பார் கொதிக்கும் நேரம் பார்த்து ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்துக்கு ஒரு கை அள்ளிப் போட்டார். வந்தவர்கள் ஒரு வாய் சோற்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்கள்.

காய் நறுக்கும் இசக்கி அதற்குத் திருச்செந்தூர் சாம்பார் என்று பேர் வைத்தாள். கடல் அங்கேதானே இருக்கிறது.

“ஒரே ஒரு சொட்டு,” என்றார் ஆவுடையப்பன். “நாக்கு நுனியில. உத்தரவு குடுங்க.”

“பெரியம்மா இன்னும் சாப்பிடலையே, அண்ணாச்சி.”

அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குப் பதினைந்து வயது இளையவள். பெரியம்மா போனபிறகு மடம் அவள் பொறுப்பு. குருவின் வாயால் அண்ணாச்சி என்று கேட்பதில் அவருக்கு இன்னும் கூச்சம் உண்டு. அவளுக்குக் கிடையாது.

“அப்போ நான் ஒண்ணு சொல்லிருதேன். இந்த வருஷமும் கெட்டுச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன். மூட்டை கட்டி வச்சாச்சு.”

“எங்க போவிய?”

“மவன் வீட்டுக்கு.”

மகன் வீட்டில் தனி அறை உண்டு. மின்விசிறி உண்டு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் ஒரு விரிசல். போன தடவை போயிருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டேதான் பொழுது போயிற்று. வேலையில் இருந்த காலமெல்லாம் பாலம் பாலமாகப் போய் விரிசல் தேடியவர். பாலத்தில் நின்றால் எல்லாரும் ஆற்றைப் பார்ப்பார்கள், அண்ணாச்சி தூணைப் பார்ப்பார் என்று இசக்கி சொல்வாள்.

மனைவி போன பிறகு, எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு நாள் இந்த மடத்து வாசலில் வந்து நின்றார். பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“சமைக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“நல்லது. அடுப்படி அந்தப் பக்கம்.”

அப்படிக் கரண்டியைக் கையில் கொடுத்தவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் படைக்கிற சோறு. அதையும் ஒருவன் தன் கையாலேயே கெடுத்துவிட்டு, மறுநாள் அதே அடுப்பை எப்படிப் பற்ற வைப்பான்?

அவர் குரல் தாழ்ந்தது.

“நல்லதையே நினைக்கணும்னு ஊரெல்லாம் சொல்லுது, சின்னம்மா. நானும் பண்ணிப் பாத்துட்டேன். காலைல எந்திரிச்சதும், இன்னைக்கு எல்லாம் நல்லா நடக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிடுதேன். சொல்லி முடிக்கதுக்குள்ள உள்ள இருந்து ஒருத்தன், ‘ஆமா, நடந்து கிழிச்சுது’ங்கான். இவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

சின்னம்மா பல்லிலிருந்து நூலை எடுத்தாள்.

“அவன் சாப்பிட்டானா?”

“யாரு?”

“உள்ள இருக்கவன்.”

ஆவுடையப்பன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

அவள் முக்காலியிலிருந்து இறங்கி, அவர் கையிலிருந்த மரவையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது மரவை இல்லை. சின்னக் கிண்ணம் ஒன்றில் பொடி உப்பு இருந்தது.

“இலையோரத்துல உப்பு வைக்கது இன்னைக்கு நீங்க.”

“அதுக்கு ஆள் இருக்காவளே.”

“சும்மா வைக்கக் கூடாது. எங்கேருந்து வாரிய, எப்படி வந்தியன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்கணும். பதில் சொன்னாத்தான் உப்பு.”

அவருக்குச் சட்டென்று புரிந்ததுபோல் இருந்தது. பந்தியிலேயே நின்றால், முதல் வாய் சாம்பார் சோறு உள்ளே போகும்போது முகத்தைப் பார்த்துவிடலாம். உப்பு இருக்கிறதா இல்லையா என்று முகம் சொல்லிவிடும்.

“முகத்தைப் பாத்துக்கிடணும். அதானே, சின்னம்மா?”

“பாத்துக்கிடுங்க,” என்றாள் சின்னம்மா. மறுபடி முக்காலியில் ஏறிவிட்டாள்.

*

சங்கு ஊதியது. சமாதியில் சூடம் எரிந்தது. படையல் இலையில் சாம்பார் ஊற்றும்போது ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெரியம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. உயிரோடு இருந்தபோதே சொன்னதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

கண்ணைத் திறந்தபோது வாசலில் ஒரே இரைச்சல்.

மினி பஸ் ஒன்று மடத்துக்கு எதிரே, ரோட்டிலேயே நின்றிருந்தது. ஓட்டுநர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் பைகளோடும் பிள்ளைகளோடும் கோழி ஒன்றோடும் ஜனங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

“இவங்கல்லாம் யாரு?” என்றார் ஆவுடையப்பன்.

“பஸ்ஸுல வந்தவங்க,” என்றார் ஓட்டுநர்.

“குருபூசைக்கா?”

“ஊருக்குப் போறவங்க. சங்குச் சத்தம் கேட்டுச்சு. ஒரு வாய் சாப்டுட்டு வந்துருதேன்னேன். நீ மட்டும் சாப்பிடுவியா, நாங்க என்ன பாவம் செஞ்சோம்னு அத்தனை பேரும் இறங்கிட்டாவ.”

உள்ளேயிருந்து இசக்கியின் குரல் வந்தது.

“அண்ணாச்சி! இன்னும் ரெண்டு உலை வச்சாச்சு. வடிச்ச சோத்தைக் கொட்ட எடம் இல்ல. பாயி தீந்து போச்சு, துணி தீந்து போச்சு. தரையிலயா கொட்ட?”

“இரு, இரு.”

ஓடினார். எங்கே ஓடுகிறோம் என்று யோசிக்கவில்லை. தன் அறைக்குள் போய்க் கைக்குக் கிடைத்த மூட்டையை அவிழ்த்து, மடித்திருந்த புது வேட்டி இரண்டையும் உருவிக்கொண்டு வந்து அடுப்படித் தரையில் விரித்தார். அதன்மேல் சோறு ஆவி பறக்கச் சரிந்தது. வெள்ளைமேல் வெள்ளை.

“கரைவேட்டி,” என்றாள் இசக்கி. “சோத்துக்குக் கல்யாணம் போல இருக்கு.”

“பேசாம வடி, பிள்ள.”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பந்திக்கு ஓடினார்.

*

முதல் இலையில் ஒரு பெரியவர். காதோரம் மயிர் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

“எங்கேருந்து வாரிய?”

“கடையத்துலேருந்து.”

“எப்படி வந்திய?”

“பஸ்ஸுலதான். ஜன்னலோரம் கெடைச்சுது,” என்றார் பெரியவர். சொல்லும்போது கண்ணை உருட்டினார். “வழி பூராவும் ஜன்னலோரம்.”

ஆவுடையப்பன் உப்பை வைத்தார்.

அடுத்த இலையில் ஒரு பருத்த அம்மாள். அவர் குனிவதற்குள்ளேயே கையை விரித்துத் தடுத்தாள்.

“எனக்கு பிரஷர். உப்பு ஆகாது.”

“சரி, வைக்கல.”

“வைக்கலன்னா எப்படி? வைங்க. தொட மாட்டேன். மூலை வெறிச்சுனு இருந்தா எலை மாதிரியே இருக்காது.”

வைத்தார். அவள் இலையைத் தள்ளி நின்று பார்ப்பவள்போல் தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள்.

அதற்கடுத்து பட்டுச்சேலையில் ஒரு பெண். பக்கத்தில் ஒரு பையன், கையில் மோதிரம், கழுத்தில் கசங்கின மாலை. மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தான்.

“எங்க போறிய?”

“மறுவீட்டுக்கு,” என்றான் பையன். “எங்க மாமனார் வீட்டுக்கு. அங்க விருந்து காத்துக்கிட்டு இருக்கு.”

“அப்புறம் இங்க உக்காந்திருக்கிய?”

பையன் பெண்ணைப் பார்த்தான்.

“பசிக்குது,” என்றாள் அவள். “நேத்துலேருந்து எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. யாரும் சோறு போடல.”

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் உப்பு கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

“தாத்தா, எனக்கும் கேளுங்க,” என்று அடுத்த வரிசையிலிருந்து ஒரு சின்னக்குட்டி கத்தினாள்.

“கேக்கேன். எங்கேருந்து வாரிய?”

“தூங்கிட்டேன். தெரியாது.”

கோழியை மடியில் வைத்திருந்தவர், அதை விற்கக் கொண்டுபோகவில்லை, மகளுக்குக் காட்டக் கொண்டுபோகிறேன் என்றார். இதைக் குஞ்சாக இருக்கும்போது வளர்த்தவள் அவள்தானாம். இப்போது கோழி வெள்ளையாக மாறிவிட்டதாம். சொன்னால் நம்ப மாட்டாளாம். ஓட்டுநர் தன் முறை வந்ததும், எங்கேருந்து வருகிறேன் என்பது முக்கியமில்லை, இந்தப் பாதையில் இத்தனை நாளாக வண்டி ஓட்டுகிறேன், இன்றைக்குத்தான் இந்த ஊரில் இறங்கியிருக்கிறேன் என்றார். ஆறு இவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார்.

வரிசை முடிந்து அடுத்த வரிசை. அது முடிந்து இன்னொன்று. குனிந்து நிமிர்ந்து முதுகு கடுத்தது. கடுக்கிறது என்று நினைக்க நேரமில்லை. பின்னால் வாளிகள் ஓடின. பொரியல், அவியல், அப்பளம் என்று குரல்கள் ஓடின. யாரோ பாடினார்கள். கோழி கொக்கரித்தது. பெரியவர் ஜன்னலோரத்தைப் பற்றி ஓட்டுநரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி! உப்பு!”

ஆவுடையப்பன் சட்டென்று திரும்பினார்.

அந்தப் பெண்தான். பட்டுச்சேலைக்காரி. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினாள்.

வந்துவிட்டது. எதைப் பார்க்க நின்றாரோ அது வந்துவிட்டது. கால் பின்னப் பின்ன வரிசையைத் தாண்டி ஓடினார். கிண்ணத்திலிருந்த உப்பு சிந்தியது.

“என்னம்மா? சப்புன்னு இருக்கா?”

“எது?”

“சாம்பார்.”

“சாம்பாரா?” அவள் தன் இலையைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று மோர்ச்சோறு. “அது எப்பவோ முடிஞ்சு போச்சே. மோருக்கு உப்பு கேட்டேன்.”

ஆவுடையப்பன் நிமிர்ந்து பந்தியைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா இலையிலும் மோர்.

பருத்த அம்மாளின் இலை மூலையில் மட்டும் உப்பு குவித்தபடி அப்படியே இருந்தது.

*

அடுப்படியில் சாம்பார் அண்டா காலியாகக் கிடந்தது. உள்ளே ஒரு கருவேப்பிலைகூட இல்லை. இசக்கி ஏற்கனவே அதில் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம்கூட மிச்சம் வைக்கலையா?” என்றார்.

“வச்சிருந்தேன். பஸ்காரர் தூக்கில ஊத்திக்கிட்டுப் போயிட்டாரு. பொஞ்சாதிக்காம்.”

“நீ சாப்பிட்டியா?”

“இனிமேத்தான். ரசத்தை ஊத்தி.”

வெளியே மினி பஸ் ஹாரன் அடித்தது. கடைசி ஆள் ஏறும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரே சிரிப்பும் கூச்சலுமாகக் கிளம்பிப் போயிற்று.

சின்னம்மா கிணற்றடியிலிருந்து வந்தாள். கஞ்சிப்பசையோடு அலசிப் பிழிந்த கரைவேட்டிகள் இரண்டும் அவள் தோளில் தொங்கின. ஒன்றை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

“நல்ல வேட்டி,” என்றாள். “காயணும். ஈரத்தோட மூட்டை கட்ட முடியாது.”

ஆவுடையப்பன் கொடியைப் பார்த்தார். தன் வேட்டி என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்ததையும் விரித்துப் போட்டு, ஓரத்தை இழுத்து நேர்செய்து, திரும்பாமலே சின்னம்மா கேட்டாள்.

“முகத்தைப் பாத்தியளா, அண்ணாச்சி?”

“பாத்தேன்.”

“சாம்பார்ல உப்பு இருந்துச்சா?”

அவர் அண்டாவைப் பார்த்தார். கையிலிருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளை மறுவீட்டுக்குப் போகுது, சின்னம்மா,” என்றார். “ரெண்டு தடவை சோறு வாங்கிச்சு.”