திரையில் வைத்த அரிசி

காலை ஆறு பத்துக்கு மடத்து வாசலில் இருந்த பிரம்புக் கூடையில் பதினொரு செல்போன்கள் கிடந்தன. பன்னிரண்டாவதை வைத்தவர் பெயர் ஆவுடைநாயகம்.

செங்கோட்டையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த மடம். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. கூடையைக் காப்பவரும் சமையல் செய்பவரும் ஒருவரே. பெயர் சங்கிலிமாடன்.

"வாங்க குவைத்து. வெளிய கார் நிக்குது?"

"ஏர்போர்ட் போற வழி. ஏழரைக்குக் கிளம்பணும்."

"சாமியையும் டிரான்சிட்ல பாக்க வந்திருக்கியளாக்கும்."

ஆவுடைநாயகத்துக்கு வயது ஐம்பத்தேழு. குவைத்தில் லிஃப்ட் மெக்கானிக்காகப் பத்தொன்பது வருடம் இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மடத்துக்கு வருவார். குருவுக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. இருந்தாலும் முன்னால் வந்து உட்கார்ந்தால் ஆவுடைநாயகம் கையைக் கட்டிக்கொள்வார்.

குரு கேட்டார். "அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் சாமி. பக்கவாதம் வந்து ஒன்பது மாசம். பேச்சு வரலை. கை காலும் வரலை. ஊட்டினா சாப்பிடுதார்."

"யார் ஊட்டுறது?"

"தங்கச்சி பூரணம். இந்த முப்பது நாளும் நான் ஊட்டினேன்."

ஆவுடைநாயகம் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி, அம்மா விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

அம்மா இறந்தது போன வருடம் செப்டம்பர் மூன்றாம் தேதி. செய்தி வந்தபோது ஆவுடைநாயகம் இருபத்தி மூன்றாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. அதை வாங்கி, டிக்கெட் போட்டு, ஊர் வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதுவரை உடலை வைத்திருக்க முடியாது என்றார் சித்தப்பா. பூரணம் வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டினாள். குளிப்பாட்டியது, புதுச் சேலை போர்த்தியது, மாலை போட்டது. வீட்டில் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. பெரியவன் கையால் விழாமல் தூக்கக் கூடாது என்று சித்தப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

"கை குவைத்துல இருக்கு. என்ன செஞ்சீங்க?"

"போனை மல்லாக்கப் படுக்க வச்சு, என் முகத்து மேலேயே அரிசியை வச்சாங்க சாமி. வச்சு, அம்மா வாய்ப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்ச்சாங்க."

வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சங்கிலிமாடன் கூடையைக் கீழே வைத்தார்.

"நீங்க என்ன பாத்தீங்க?" என்று குரு கேட்டார்.

"அரிசியைத்தான். கேமரா மேலயே கிடந்தது. ஒவ்வொண்ணும் விரல் தண்டிக்குக் கறுப்பாத் தெரிஞ்சுது. அப்புறம் பூரணம் விரல் பட்டு லைன் கட்டாயிருச்சு. திரும்பக் கிடைச்சப்போ முகத்தை மூடிட்டாங்க."

"சரி."

"வாயிலதான் விழுந்துச்சுன்னு பூரணம் சத்தியம் பண்ணுதா. பாதி பாயில சிந்திருச்சு, பொறுக்கினோம்ங்கான் சித்தப்பா மகன். எதை நம்புறதுன்னு தெரியல."

ஆவுடைநாயகமே தொடர்ந்தார்.

"எங்க தாத்தா கொழும்புல கடை வச்சிருந்தார். அவங்க அம்மா செத்த கடுதாசி இருபத்தொரு நாள் கழிச்சு வந்துச்சாம். தலைமுழுகிட்டு மறுநாள் கடையைத் திறந்துட்டாராம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. நான் கூடவே இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன்."

"கூடவே இருந்தீங்களா?"

ஆவுடைநாயகம் கட்டியிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"உங்க கேள்வி என்ன?"

"நான் போட்ட அரிசி அம்மாவுக்குச் சேந்துச்சா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும் சாமி. சேந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நிம்மதியா ஃபிளைட் ஏறிருவேன்."

குரு சங்கிலிமாடனைப் பார்த்தார்.

"பொங்கல் ஆயிட்டுதா?"

"இப்பத்தான் இறக்கினேன்."

"ஒரு இலையில கொண்டு வாங்க. அவர் போனையும்."

"போனா? உள்ளேயா?"

"உள்ளேதான்."

"பத்து வருசமா நான் அத்தனை பேருகிட்டயும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் போனார்.

இலை வந்தது. போனும் வந்தது.

குரு சொன்னார். "வீட்டுக்குக் கூப்பிடுங்க. அப்பாவைக் காட்டச் சொல்லுங்க."

மூன்றாவது மணியில் பூரணம் எடுத்தாள்.

"என்னண்ணே, போன தடவை மாதிரி பாஸ்போர்ட்டை மறந்துட்டியளா?"

"இல்ல. அப்பாவைக் காட்டு."

"இப்பத்தானே கட்டிப் பிடிச்சு அழுதுட்டுப் போனிய? கழுத்துல துண்டு கட்டி உக்கார வச்சிருக்கேன். இட்லி பிசையுதேன். இந்தா, பாருங்க."

தலையணைகளில் சாய்ந்திருந்த முகம் திரைக்கு வந்தது. ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. மற்றது மகனைப் பார்த்தது.

போனைச் சங்கிலிமாடனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் குரு. பிறகு ஆவுடைநாயகத்திடம், "ஒரு வாய் எடுத்து ஊட்டுங்க" என்றார்.

"சாமி..."

"அன்னைக்கு அரிசி போச்சில்லையா? இன்னைக்குப் பொங்கல் போகட்டும்."

ஆவுடைநாயகம் ஒரு கவளம் எடுத்தார். முப்பது நாள் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே அதைச் சிறிதாக உருட்டின. கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அப்பா வாயைத் திறந்தார்.

கை அங்கேயே நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

"ஐயோ அப்பா, அது போனு. வாயை மூடுங்க" என்று பூரணம் சிரித்தாள்.

அவர் மூடவில்லை. கழுத்தை ஓர் அங்குலம் முன்னால் நீட்டினார். கடைவாயில் எச்சில் வழிந்து துண்டில் இறங்கியது.

"இந்தாங்க, நான் தாரேன்" என்று பூரணத்தின் கை குறுக்கே வந்தது. இட்லி உதட்டில் பட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். கை விலகியது. வாய் மறுபடி திறந்தது.

பூரணம் இப்போது சிரிக்கவில்லை.

"அண்ணே, கையைக் கீழ போடுங்க."

ஆவுடைநாயகத்தின் கை இறங்கவில்லை.

"கையைக் கீழ போடுங்கங்கேன். நீங்க போட்டாத்தான் அவர் வாயை மூடுவார். அண்ணே, காதுல விழுதா?"

அவளே இணைப்பைத் துண்டித்தாள்.

கவளம் விரல்களுக்கு இடையில் பிதுங்கியது. சங்கிலிமாடன் போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எதுக்கு சாமி இப்படிச் செஞ்சீங்க? நான் அம்மாவைப் பத்தித்தானே கேட்டேன்?"

"அம்மா போய் ஒரு வருசம் ஆகப்போகுது. இத்தனை நாள் கேக்காம, ஃபிளைட் ஏறுற அன்னைக்குக் கேக்கறீங்க. அடுத்து எப்ப லீவு?"

"ரெண்டு வருசம் கழிச்சு. புது கான்ட்ராக்ட்."

"அப்பாவைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்?"

"தை தாண்டுறது கஷ்டம்னார்."

"அப்போ யாருக்காகக் கேக்கறீங்க?"

ஆவுடைநாயகம் கவளத்தை இலையில் வைத்தார். வைத்த பிறகும் விரல்கள் குவிந்தே இருந்தன.

"நான் இந்தத் தேதியில போகலைன்னா விசா போயிரும் சாமி. பையன் படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்கு. ஐம்பத்தேழு வயசுல எனக்கு இங்க யாரு வேலை குடுப்பா? நீங்களே சொல்லுங்க."

"நீங்க சொல்றது எல்லாம் சரி."

"அப்போ நான் என்ன செய்ய?"

வெளியே கார்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார். மணி ஏழு இருபது.

குரு இலையை அவர் பக்கம் நகர்த்தினார். பொங்கலில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"உங்க வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"நாப்பது கிலோமீட்டர்."

"ஏர்போர்ட்?"

"நூறு இருக்கும்."

"இது ஆறுறதுக்குள்ள எங்க போய்ச் சேரலாம்?"

ஆவுடைநாயகம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கியது. எழுந்து குருவை வணங்கினார். சங்கிலிமாடன் கையிலிருந்த போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கார் மேற்கே, ஏர்போர்ட்டுக்குப் போகும் மலைச் சாலையில் ஏறியது.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி காலை பத்து நாற்பதுக்கு அவருடைய அப்பா இறந்தார். பூரணம் போனைச் சார்ஜில் போட்டாள். நூறு ஆனதும் எடுத்து, ஈரத்துணியால் திரையைத் துடைத்துவிட்டு, அரிசிப் பானையைத் திறந்தாள்.