கடல் அட்டையின் பின்வாசல்

பவளப்பாறைக்குப் பக்கத்தில், மணல் மெத்தையில், ஒரு கடல் அட்டை படுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நட்சத்திர மீன் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் பரபரப்பு இல்லாத ஆட்கள். ஒரு சாண் நகர்வதற்கே பொழுது போய்விடும்.

அங்கே தினமும் ஒரு கண்ணாடி மீன் வரும். விரல் நீளம்தான். ஆனால் உடம்பு கண்ணாடி மாதிரி. வெயில் பட்டால் போதும், உள்ளே இருக்கிற நடுமுள் தலையிலிருந்து வால்வரை சீப்பு மாதிரி தெரியும். அதில் அதற்கு அப்படி ஒரு பெருமை!

"பார்த்தீங்களா அண்ணே? இதுதான் முதுகெலும்பு! மீன், ஆமை, திமிங்கிலம், கரையில நடக்கிற மனுஷன், எல்லாருக்கும் இருக்கு. நாங்க எல்லாம் ஒரே சொந்தம்!"

"அப்படியா தம்பி?" என்றது நட்சத்திர மீன். "அந்த மனுஷச் சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் போயிடாதே. அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும்!"

"உங்களுக்குத் தலையே இல்லையே, இதெல்லாம் எங்கே புரியப்போகுது!"

"தலை இல்லாட்டி என்ன, கை அஞ்சு இருக்கே! ஒண்ணை நண்டு கடிச்சுட்டுப் போச்சு. அதுகூட முளைச்சுக்கிட்டு வருது, பாரு. உன் முள்ளு ஒடிஞ்சா முளைக்குமா?"

கண்ணாடி மீன் காதில் விழாதது போலக் கடல் அட்டை பக்கம் திரும்பியது.

"அக்கா, ரொம்ப நாளாக் கேட்கணும்னு இருந்தேன். உங்களுக்கு எந்தப் பக்கம் முகம்?"

கடல் அட்டைக்குக் கூச்சம் வந்துவிட்டது. "வாய் இந்தப் பக்கம் தம்பி. மூச்சு விடுறது... அந்தப் பக்கம்."

"பின்பக்கமாவா!" கண்ணாடி மீன் சிரித்த சிரிப்பில் மூன்று குட்டிக்கரணம் போட்டது. "அது போதாதுன்னு, பயந்தா குடலையே வெளியே தள்ளிடுவீங்களாமே! முதுகெலும்பு இல்லாட்டி இப்படித்தான் அக்கா. ஒரு உறுதி வேணும் இல்லே?"

கடல் அட்டை கோபப்படவில்லை. "குடல் போனா திரும்ப வளர்ந்துடும் தம்பி. உயிர் போனா வளராதே, அதான்."

"உறுதின்னா என்னன்னு நல்லாப் பாருங்க!" என்று கண்ணாடி மீன் வெயிலுக்கு நேராகத் திரும்பி நின்றது. நடுமுள் பளபளவென்று மின்னியது.

அந்த மினுக்கலைப் பாறைக்குப் பின்னால் இருந்த களவா மீனும் பார்த்துவிட்டது. களவா என்றால் லேசுப்பட்ட மீன் இல்லை. வாயைத் திறந்தால் குட்டி மீன்கள் தண்ணீரோடு உள்ளே போய்விடும். அது வாலை ஒரு அடி அடித்துப் பாய்ந்தது.

"ஐயோ!" கண்ணாடி மீன் ஒரு பொந்துக்குள் ஓடியது. களவாவின் மூக்கும் கூடவே வந்தது. கண்ணாடி மீன் மறுபக்கமாக வெளியேறி நட்சத்திர மீனிடம் ஓடியது.

"அண்ணே, என்னை உங்க அடியில மறைச்சு வைங்க!"

"அங்கே என் வாய் இருக்கு தம்பி! தீனியைக் கண்டா வயிறே வெளியே வந்து பிடிச்சுக்கும். வராதே!"

"அக்கா! நீங்களாவது இடம் கொடுங்க!"

கடல் அட்டை தயங்கியது. "நீ ஒளியிற மாதிரி எங்கிட்ட ஒரே வாசல்தான் இருக்கு. நீ சிரிச்சியே, அதுதான்."

கண்ணாடி மீன் ஒரு நொடி யோசித்தது. ஒரே நொடிதான். அதற்குள் களவா பாறையைச் சுற்றி வரும் சத்தம் கேட்டது.

"மூச்சு விடும்போது திறக்கும். வாலை முதல்ல விடு!"

அவ்வளவு பெருமையான நடுமுள், வால் நுனி முதலாக, கடல் அட்டையின் பின்வாசல் வழியே உள்ளே போனது.

"இப்பத்தானே இங்கே இருந்தான்!" என்று களவா வந்து மணலைக் கிளறியது. பிறகு கடல் அட்டையை மூக்கால் இடித்து உருட்டியது.

இருட்டுக்குள் கண்ணாடி மீனுக்கு அப்போதுதான் அந்தக் குடல் விஷயம் நினைவு வந்தது. 'அக்கா பயந்து குடலைத் தள்ளினால்? குடலோடு நானும் போவேன், நேராகக் களவாவின் வாய்க்கு!'

"அக்கா, பயப்படாதீங்க அக்கா!" என்று கிசுகிசுத்தது.

"பயமாத்தான் இருக்கு. நீ பேசாம இரு."

அப்போது, மெத்தென்று இருந்த சுவர் மெல்ல மெல்ல இறுகியது. வாழைப்பழம் மாதிரி இருந்த கடல் அட்டை விறகுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஒரு எலும்புகூடக் கிடையாது!

களவா ஒரு கடி கடித்துப் பார்த்தது. "தூ! வெறும் கட்டை!" பல்லைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டது.

வெகு நேரம் கழித்து, முதலில் தலை, பிறகு நசுங்கிய இடுப்பு என்று கண்ணாடி மீன் வெளியே வந்தது.

"என்ன தம்பி," என்றது நட்சத்திர மீன், "உறுதி உறுதின்னு சொன்னியே, உள்ளே இருந்து பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணே," என்றது கண்ணாடி மீன், இடுப்பைத் தடவ ஒரு கைகூட இல்லாமல்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கடல் அட்டை கேட்டது. கண்ணாடி மீனுக்கு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அன்றே அது கடல் அட்டைக்குள் குடிவந்துவிட்டது. "வரலாமா அக்கா?" என்று கேட்ட பிறகுதான் வாலை உள்ளே விடும். யாராவது "உனக்கு முதுகெலும்பு உண்டாமே?" என்றால், "ஏதோ கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும்.

அடுத்தவரிடம் இல்லாததைச் சொல்லிச் சிரிக்காதே. அவரிடம் இருப்பதைக் கேட்டு வாசலில் நிற்கும் நாள் உனக்கும் வரும்.