மடித்த இலைக்கு முன்னால் மூன்று பேர்

கொஞ்சம் விவரமானவர்கள் எல்லாரும் வேறு விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அதனால் தாய்லாந்து போன அந்த விமானத்தில் பூங்கோதை, முத்துச்செல்வி, சகாயராணி மூவரும் ஏறினார்கள். மூவரும் திருநெல்வேலியில் ஒரே பல்கலைக்கழகம், விடுதியில் ஒரே அறை. இதில் பூங்கோதை படித்தது தர்க்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

அவளை அனுப்ப அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வேளாவேளைக்குச் சாப்பிடணும். சாப்பிட்டு மடிச்ச இலையைப் படம் பிடிச்சு அனுப்பணும். ஒரு வேளைக்குப் படம் வரலைன்னாலும் அடுத்த விமானத்துல ஊருக்கு வந்துரணும்."

மகன் பட்டினி கிடந்தால் அனுபவம், மகள் பட்டினி கிடந்தால் மானக்கேடா என்று பூங்கோதை வெகுநேரம் வாதாடினாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். பயணத்தின் கடைசியில் ஒரு தீவு இருந்தது, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் கால் நனைக்காமல் திரும்ப முடியாது. ஒப்புக்கொண்டாள்.

போய் இறங்கியதும் வழிகாட்டி தனசீலன், கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதே என்று, "என் கையில இருக்கிற சிவப்புக் கொடியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்றார். மூவரும் எடுக்கவில்லை. கோயில்கள், அரண்மனை, ஆற்றில் மிதக்கும் சந்தை எல்லாம் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தன.

சாயங்காலம் அவர் கேட்டார். "எப்படி இருந்துச்சும்மா?"

"ஓரத்துல தையல் விட்டிருக்கு அண்ணே" என்றாள் முத்துச்செல்வி. "மத்தபடி நல்ல கொடி."

பிறகு பசித்தது. அப்பா இலை என்று சொல்லிவிட்டதால், தட்டில் பரிமாறும் கடைகளை மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். ஆற்றங்கரையில் வாழை இலை தெரிந்த ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்கார அம்மாள் சிரித்தபடி ஆளுக்கொரு பொட்டலம் வைத்தாள். பச்சை வாழை இலை, எல்லாப் பக்கமும் மடித்து, நடுவில் ஈர்க்குச்சி குத்தியது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஏட்டி, இது யாரோ சாப்பிட்டு மடிச்ச இலைல்லா" என்றாள் முத்துச்செல்வி.

"மேலேருந்து கீழே மடிச்சிருக்கு. கல்யாண வீடு" என்றாள் சகாயராணி.

"கீழேருந்து மேலயும் மடிச்சிருக்கே. எழவு விழுந்த துட்டி வீடு."

"ஒரே வீட்டுல ரெண்டுமா. பாவம்."

சகாயராணி விரலால் தொட்டுப் பார்த்தாள். "சூடா இருக்கே?"

"இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருப்பாங்க" என்றாள் பூங்கோதை.

எச்சில் இலையை எடுக்க யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. சுத்தம் என்பது அடுத்தவர் வேலை இல்லை என்று பூங்கோதை ஒரு சின்னப் பேருரை நிகழ்த்தி, மூன்றையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். உள்ளே போயிருந்த அம்மாள் திரும்பிவந்து காலி மேசையைப் பார்த்தாள். இவ்வளவு பசியா என்று மனம் இளகி, மேலும் மூன்று கொண்டுவந்து வைத்தாள்.

"எத்தனை பந்திட்டி நடக்கு இங்க?" என்றாள் முத்துச்செல்வி.

"அது கெடக்கட்டும், உங்கப்பாவுக்குப் படம்?" என்றாள் சகாயராணி.

பூங்கோதை யோசித்தாள். "அப்பா கேட்டது மடிச்ச இலை. இது மடிச்ச இலை. யார் சாப்பிட்டதுன்னு அவர் கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது தர்க்கத்துல குத்தம்."

கூடையில் மூன்று, மேசையில் மூன்று, எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினாள். "நல்லது" என்று பதில் வந்தது.

அதன்பின் வேளாவேளைக்கு இதே கதைதான். இடையில் உயிரைப் பிடித்து வைத்திருந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டை முறுக்கு.

ஒரு மத்தியானம் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் ஈர்க்குச்சியை உருவி இலையைப் பிரித்தார். உள்ளே தேங்காய்ப்பாலில் வெந்த மீன். ஆவி பறந்தது. பூங்கோதை கொதித்துப் போனாள்.

"எவனோ ஒருத்தன் வாயிலயே வைக்காம மடிச்சுட்டுப் போயிருக்கான். அதை இந்தப் பெரியவர் பசியில பிரிச்சுத் திங்காரு. இதையெல்லாம் கேக்க இந்த நாட்டுல ஆளில்லையா?"

கையிலிருந்த கடைசித் தட்டைப் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார்.

தீவுக்குப் போவதற்கு முந்திய இரவு மூவராலும் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை.

"உங்கப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிரு" என்றாள் சகாயராணி.

"சொன்னா அடுத்த விமானம். தீவு போச்சு."

அப்போது அப்பாவிடமிருந்தே செய்தி வந்தது. "வேளைக்கு ஆறு இலையா? பொம்பளப் பிள்ளை உடம்பு என்னத்துக்கு ஆகும். நாளைக்கு முழுக்க வயித்தைப் பட்டினி போடு. படம் வேண்டாம்."

"சாப்பிடாட்டாலும் கேள்வி, சாப்பிட்டாலும் கேள்வி. இதுவே ஆம்பளப் பிள்ளைன்னா ஏழாவது இலை போட்டுருப்பாரு" என்று பூங்கோதை பொரிந்து தள்ளினாள். பிறகு தலையணையில் சாய்ந்தபடி யோசித்தாள். "படம் வேண்டாம்னா இலை வேண்டாம். இலை இல்லைன்னா அது சாப்பாடே இல்லை. சரி, பட்டினி கெடப்போம்."

மறுநாள் படகுத்துறையில், இலையே இல்லாத கடையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். தட்டுத் தட்டாக வந்தது. சோறு, பொரித்த மீன், இறால் போட்ட நூடுல்ஸ், மாம்பழம். சகாயராணி நிமிரவே இல்லை. பூங்கோதை மூன்று தட்டு பட்டினி கிடந்தாள்.

தீவில் இறங்கி, கண்ணாடித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, ஒரு ஏப்பத்துக்குப் பிறகு அப்பாவுக்கு எழுதினாள்:

"அப்பா, பட்டினி உடம்புக்கு நல்லா ஒத்துக்கிச்சு. ஊருக்கு வர்ற வரைக்கும் இப்படியே இருந்துக்கிடுதேன்."