வலை விரியாத சுவர்

ஐம்பது வயதில் நகைப்பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஓவியம் கற்க வந்தவர் ஏகாம்பர ஆசாரி. அவருடைய குரு வடிவாம்பாளுக்கு முப்பத்தாறு வயதுதான். குரு சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் அதிசயம் அங்கே மட்டும்தான் நடந்தது.

கடற்கரையில் புதிதாகக் கட்டிய மீன் ஏலக்கூடத்தின் சுவரில் படம் வரைந்து தரும்படி ஊரார் கேட்டார்கள். வடிவாம்பாள் அந்தச் சுவரை ஆசாரியிடம் ஒப்படைத்தார். அவருக்கு அதுதான் முதல் சுவர்.

மீனவர் மிக்கேல் வலை வீசுவதை ஆசாரி உள்ளங்கை அகலத் தாளில் வரைந்தார். அடடா, என்ன உயிர்! தாளில் கட்டம் போட்டார், சுவரிலும் போட்டார், கட்டம் கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்கினார். ஒரு கோடு பிசகவில்லை. ஆனால் சுவரில் அந்த வலை ஈரத்துணி மாதிரி தொங்கியது.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மறுபடியும் துணிதான்.

"எனக்கு இத்துனூண்டுதான் வரும்போலம்மா. மூக்குத்தி செஞ்ச கை," என்றார். "பட்டறைக்கே திரும்பிப் போயிடட்டுமா?"

"ஒரு கோடு போடுங்க அண்ணாச்சி, பாக்கேன்."

போட்டார். வடிவாம்பாள் கோட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன.

"போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி மிக்கேலண்ணன்கிட்ட வலையை வாங்கி வீசிட்டு வாங்க."

"வலையா? நான் படம் வரையத்தானேம்மா வந்தேன்!"

"போயிட்டு வாங்க."

முதல் வீச்சில் வலை அவர் காலடியிலேயே குவிந்தது. மிக்கேல் விழுந்து விழுந்து சிரித்தார். ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. வெயில் சாயும்வரை அவர் விடவில்லை. கடைசியாக ஒரு தரம், ஒரே ஒரு தரம், வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்தது. மீன் ஒன்றும் சிக்கவில்லை. இருந்தாலும் சின்னப்பிள்ளை மாதிரி கூவினார்.

நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தார். சுவரில் கோடும் இல்லை, கட்டமும் இல்லை. வடிவாம்பாள் எல்லாவற்றையும் அழித்து வைத்திருந்தார். கையில் ஒரு கரித்துண்டு மட்டும் கொடுத்தார்.

"தாளு எங்கம்மா?"

"தாளை விடுங்க. கை வலிக்கா?"

"விரலுக்கு ஒண்ணுமில்ல. தோள்பட்டைதான் கழண்டு போச்சு."

"அங்கேருந்து வரைங்க," என்றார் வடிவாம்பாள்.